ஆட்சியைப் பிடித்த மறுநாள்: போல்ஷெவிக்குகள் அரசை நடத்தியது எப்படி?

கேள்வி இதுதான்: ஒரு புரட்சிக் கட்சி ஆட்சியைப் பிடித்த பிறகு நாட்டை எப்படி நடத்துகிறது? அரண்மனை எப்படி வீழ்ந்தது என்பதைப் பற்றி நிறையப் படிக்கக் கிடைக்கிறது. மறுநாள் காலையில் சம்பளப் பட்டியலில் யார் கையெழுத்துப் போட்டார்கள், ரொட்டிக்கு மாவு எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

பொதுப்படையாகப் பேசினால் ஒன்றும் கையில் நிற்காது. ஆவணங்கள் ஏராளமாக உள்ள ஒரு காலத்தையே எடுத்துக்கொள்கிறேன்: 1917 நவம்பர் முதல் 1924 தொடக்கம் வரை ரஷ்யாவில் லெனின் தலைமையிலான போல்ஷெவிக் கட்சி. தேதிகளை இன்றைய நாட்காட்டிப்படி தருகிறேன். அன்றைய ரஷ்ய நாட்காட்டி 13 நாள் பின்தங்கியிருந்ததால்தான் நவம்பர் 7ஆம் தேதி நடந்ததை அக்டோபர் புரட்சி என்கிறோம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஆட்சி எந்த உருவம் எடுத்தது என்பதைச் சித்தாந்தத்தைவிட இரண்டு அன்றாடப் பிரச்சினைகள்தான் அதிகம் தீர்மானித்தன. நகரங்களுக்கு உணவு எப்படி வரும் என்பது ஒன்று. எந்தப் பதவிக்கு யாரை அனுப்புவது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் அவசரத்தில் கண்டுபிடித்த வழிகளில் பல அவசரம் தீர்ந்த பிறகும் போகவில்லை.

முதல் சிக்கல்: குமாஸ்தாக்களும் கஜானாவும்

நவம்பர் 8ஆம் தேதி இரவு, சோவியத்துகளின் (தொழிலாளர், படைவீரர் பிரதிநிதிகளின் மன்றங்கள்) இரண்டாவது மாநாடு புதிய அரசுக்கு ஒப்புதல் தந்தது. அதன் பெயர் மக்கள் கமிசார்கள் கவுன்சில்; கமிசார் என்றால் இங்கே அமைச்சர். லெனினைத் தலைவராகக் கொண்டு பதினைந்து பெயர்கள் பட்டியலில் இருந்தன. ரயில்வே கமிசார் இடம் மட்டும் காலியாக விடப்பட்டது. தண்டவாளங்கள் ரயில்வே ஊழியர் சங்கத்தின் பிடியில் இருந்தன. எல்லா சோஷலிசக் கட்சிகளும் சேர்ந்த கூட்டு அரசு வேண்டும், இல்லையென்றால் ரயில் ஓடாது என்று அந்தச் சங்கம் எச்சரித்தது. இந்தக் கேள்வியில் கட்சியே பிளந்தது. காமனேவ், ஜினோவியேவ், ரீக்கோவ், நோகின், மில்யூட்டின் ஆகிய ஐந்து பேர் நவம்பர் நடுவில் கட்சியின் மத்தியக் குழுவிலிருந்து விலகினார்கள். ஆட்சிக்கு வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

அதே முதல் இரவில் நில ஆணையும் வந்தது. அது போல்ஷெவிக்குகளின் சொந்தத் திட்டமல்ல. விவசாயிகளின் 242 கோரிக்கை மனுக்களிலிருந்து தொகுக்கப்பட்டு, விவசாயிகளிடம் செல்வாக்குள்ள போட்டிக் கட்சியான சோஷலிசப் புரட்சியாளர் கட்சியின் கொள்கையாக இருந்ததை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டார்கள். கிராமங்களில் நிலத்தை ஏற்கெனவே பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள். தடுக்க முடியாத ஒன்றைச் சட்டமாக்கியதால், ஒரு ரூபிளும் செலவில்லாமல் கிராமங்களின் ஆதரவு கிடைத்தது. குறைந்தபட்சம் எதிர்ப்பு இல்லாமல் போனது.

ஆனால் ஆணை எழுதுவது வேறு, அலுவலகத்தைத் திறப்பது வேறு. அமைச்சகங்களின் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வெளியுறவு அமைச்சகத்துக்குப் புதிய கமிசார் ட்ராட்ஸ்கி போனபோது அதிகாரிகள் ஒத்துழைக்க மறுத்தார்கள். பணம் இன்னும் பெரிய சிக்கல். அரசு வங்கி, இந்த அரசின் கையெழுத்துக்குப் பணம் தர முடியாது என்றது. முறையான காசோலை, முறையான கணக்கு, முறையான அதிகாரி இல்லை என்பது வங்கியின் வாதம். மூன்று வாரம் இழுத்தடித்த பிறகு, நவம்பர் இறுதியில் ஆயுதக் காவலோடு பெட்டகத்தைத் திறக்க வைத்து 50 லட்சம் ரூபிளை எடுத்து வந்தார்கள். புதிய அரசின் முதல் செலவுப் பணம் இப்படித்தான் வந்தது. டிசம்பர் 27ஆம் தேதி தனியார் வங்கிகள் அனைத்தும் தேசியமயமாயின. 1918 பிப்ரவரி 3ஆம் தேதி ஜார் அரசு வாங்கிய கடன்கள் அனைத்தும் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது.

ஊழியர் வேலைநிறுத்தம் எப்படி முறிந்தது? ஒரே அடியில் அல்ல. கடைநிலைப் பணியாளர்களும் இளநிலை எழுத்தர்களும் வேலைக்கு வரத் தயாராக இருந்தார்கள். அவர்களைக் கொண்டு அலுவலகங்களைத் திறந்தார்கள். வராதவர்களுக்குப் பணிநீக்கம், ஓய்வூதிய இழப்பு என்று நோட்டீஸ் போனது. டிசம்பர் 20ஆம் தேதி ஜெர்ஜின்ஸ்கி தலைமையில் சேகா என்ற ரகசியக் காவல் அமைப்பு அமைக்கப்பட்டது. அதன் முழுப் பெயரிலேயே எதிர்ப்புரட்சியோடு நாசவேலையும் இருக்கிறது. நாசவேலை என்று அப்போது முதன்மையாகக் குறிக்கப்பட்டது இந்த வேலைநிறுத்தத்தைத்தான். பிற்காலத்தில் ஒரு பெரும் காவல் அமைப்பாக வளர்ந்தது, வேலைக்கு வராத அதிகாரிகளை வழிக்குக் கொண்டுவர எடுத்த அவசர ஏற்பாடுகளில் ஒன்றாகப் பிறந்தது. இதை மறந்துவிட்டுப் படித்தால் அந்தக் காலம் புரியாது.

கடைசியில் பெரும்பாலோரைத் திரும்ப வரவைத்தது சம்பளமும் ரேஷனும். 1918 கோடையில் மாஸ்கோவிலிருந்த கமிசாரியட்டுகளை, அதாவது அமைச்சகங்களை, கணக்கெடுத்தபோது, பல இடங்களில் ஊழியர்களில் பாதிக்கு மேல் பழைய ஆட்சியின் ஆட்கள். நிதித் துறையில் அவர்கள் விகிதம் மிக அதிகம். சேகாவில் மிகக் குறைவு. பழைய அரசு இயந்திரத்தை நொறுக்குவோம் என்று சொன்ன கட்சி, அந்த இயந்திரத்தின் பெரும்பகுதியை அதே ஆட்களோடு ஓட்டியது. இதை ஏமாற்று வேலை என்று நான் சொல்லமாட்டேன். வரவுசெலவுக் கணக்கு எழுதத் தெரிந்தவர்கள் கட்சியில் அவ்வளவு பேர் இல்லை.

கமிசார்கள் கவுன்சில் நடந்த முறையும் கவனிக்கத்தக்கது. ஆரம்ப மாதங்களில் அநேகமாகத் தினமும் கூடியது. நிகழ்ச்சி நிரல் நீண்டுகொண்டே போனது. லெனின் நேரக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்: அறிக்கை வைப்பவருக்குப் பத்து நிமிடம், விவாதத்தில் முதல்முறை பேசுபவருக்கு ஐந்து, இரண்டாம் முறைக்கு மூன்று. அரைமணி வரை தாமதமானால் ஐந்து ரூபிள் அபராதம், அதற்கு மேல் பத்து. சில்லறை விஷயங்களைப் பிரித்தெடுக்க ‘சின்ன கவுன்சில்’ என்று தனியாக ஒன்று உருவானது. அப்படியும் முடிவுகள் மேலே வந்து குவிந்தன. கீழே யாரும் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடத் துணியவில்லை. தவறிழைத்தால் நாசவேலைக்காரன் என்ற பட்டம் விழும் இடத்தில் எல்லாக் கோப்பும் மேலேதான் போகும்.

ரொட்டி

மற்ற எல்லாவற்றையும் திசைதிருப்பியது இதுதான். 1918 தொடக்கத்தில் பெட்ரோகிராடில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) ஒரு நாள் ரொட்டி ரேஷன் மிக மோசமான நாட்களில் 50 கிராம் அளவுக்கு இறங்கியது. காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்று. மார்ச் 3ஆம் தேதி ஜெர்மனி தரப்போடு செய்த பிரெஸ்ட்-லிட்டோவ்ஸ்க் சமாதான ஒப்பந்தத்தால் உக்ரைனின் தானியம் கைவிட்டுப் போனது. ரயில் எஞ்சின்கள் பழுதாகி நின்றன. இவற்றைவிட அடிப்படையான காரணம் ஒன்று உண்டு: விவசாயிக்கு விற்க நகரத்திடம் ஒன்றுமில்லை. துணி, ஆணி, மண்ணெண்ணெய், கலப்பை எதுவும் வரவில்லை. அரசு நிர்ணயித்த விலையில் தானியத்தைக் கொடுத்தால் கிடைப்பது நாளுக்கு நாள் மதிப்பிழக்கும் காகிதம். அதற்குத் தானியத்தைக் குழியில் புதைத்து வைப்பதே மேல் என்று எந்த விவசாயியும் கணக்குப் போட்டிருப்பார்.

1918 மே மாதம் உணவுத் துறைக்குச் சர்வாதிகார அதிகாரம் தரப்பட்டது. கமிசார் சூரூப்பா. ஏற்பாடு இப்படி: குடும்பத்தின் சாப்பாட்டுக்கும் விதைக்கும் இவ்வளவு என்று ஓர் அளவு, மிச்சமெல்லாம் உபரி, உபரியை நிர்ணய விலைக்கு அரசிடம் ஒப்படைக்க வேண்டும், ஒளித்தால் குற்றம். நகரத் தொழிலாளர்களைக் கொண்டு ஆயுதம் தாங்கிய உணவுப் படைகள் அனுப்பப்பட்டன. ஜூன் 11ஆம் தேதி கிராமங்களில் ஏழை விவசாயிகள் குழுக்களை அமைக்க ஆணை வந்தது. பக்கத்து வீட்டில் எங்கே தானியம் ஒளித்திருக்கிறது என்று காட்டிக்கொடுத்தால் அதில் ஒரு பங்கு.

அந்தக் குழுக்கள் ஆறு மாதம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. ஏன்? நிலப் பங்கீடு முடிந்த கிராமத்தில் பெரும்பாலோர் நடுத்தர விவசாயிகள் ஆகிவிட்டார்கள். குலாக்குக்கு (பணக்கார விவசாயிக்கு) எதிராக ஏழை என்ற கோடு காகிதத்தில் இருந்த அளவுக்கு வயலில் இல்லை. பல இடங்களில் குழுக்களை வெளியாட்களே நடத்தினார்கள். பறித்ததை அங்கேயே பங்கிட்டும் கொண்டார்கள். நகரத்துக்கு வந்தது சொற்பம். ஆண்டு இறுதிக்குள் அவை கலைக்கப்பட்டு, கிராம சோவியத்துகளோடு இணைக்கப்பட்டன.

1919 ஜனவரி 11ஆம் தேதி முறை தலைகீழானது. இதுவரை விவசாயியின் உபரி எவ்வளவு என்று அளந்தார்கள். இனி அரசுக்குத் தேவை எவ்வளவு என்று முதலில் முடிவு செய்து, அதை மாகாணத்துக்கு, மாவட்டத்துக்கு, வட்டத்துக்கு, கிராமத்துக்கு என்று பிரித்து இறக்கினார்கள். கிராமம் தனக்குள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். குறைந்தால் ஊரே பொறுப்பு. நிர்வாகக் கண்ணோட்டத்தில் இது ‘வேலை செய்தது’. 1918-19இல் சுமார் 10.8 கோடி பூட் தானியம் திரண்டது. 1919-20இல் சுமார் 21 கோடி பூட். (ஒரு பூட் 16.38 கிலோ, ஆக முதல் ஆண்டு 17-18 லட்சம் டன், அடுத்த ஆண்டு அதன் இரு மடங்கு.)

இந்த எண்களைப் பார்த்துத்தான் மேலிடம் ஏமாந்தது. மிச்சம் பிடித்தால் பறிபோகும் என்று தெரிந்த விவசாயி அடுத்த பருவத்தில் தன் வீட்டுக்கு வேண்டிய அளவுதான் விதைப்பார். சாகுபடிப் பரப்பு சுருங்கியது. சுருங்கிய விளைச்சலிலிருந்து அதே ஒதுக்கீட்டை எடுக்கப் போனபோது விதைத் தானியத்திலும் கைவைத்தார்கள். 1920இலும் 1921இலும் வறட்சி. போருக்கு முன் 1913இல் 8 கோடி டன் அளவில் இருந்த தானிய விளைச்சல் 1921இல் அதில் பாதிக்கும் கீழே போனது. வோல்கா படுகையில் தொடங்கிய பஞ்சத்தில் ஏறத்தாழ 50 லட்சம் பேர் மாண்டார்கள். வறட்சியை மட்டும் காரணம் காட்டும் விளக்கங்களை என்னால் ஏற்க முடியவில்லை. வறட்சியைத் தாங்க வீட்டுக்கு வீடு இருந்த சேமிப்பு, மூன்று ஆண்டு வசூலில் ஏற்கெனவே துடைத்தெடுக்கப்பட்டிருந்தது. 1922 கோடையில் ஒரு கோடிக்கு மேற்பட்டோருக்கு உணவிட்டது அமெரிக்க நிவாரண அமைப்பு. அதை உள்ளே விட அரசு ஒத்துக்கொண்டிருக்காவிட்டால் சாவு எண்ணிக்கை இன்னும் பயங்கரமாக இருந்திருக்கும்.

நகரங்கள் அந்த ஆண்டுகளில் உயிர் பிழைத்ததே பாதி கள்ளச் சந்தையால்தான். சாக்கு மூட்டையோடு ரயிலேறி கிராமத்துக்குப் போய், கடிகாரத்தையோ கோட்டையோ கொடுத்து மாவு வாங்கி வருபவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். நகரத்தில் உண்ட தானியத்தில் ஏறக்குறைய பாதி அவர்கள் வழியாக வந்தது. அரசோ ரயில் நிலையங்களிலும் சாலைகளிலும் தடுப்புப் படைகளை நிறுத்தி மூட்டைகளைப் பறித்தது. தன் ரேஷன் போதாது என்று தெரிந்தும், குறையை நிரப்பும் வழியையும் அடைத்த இந்த ஏற்பாட்டைத்தான் தொழிலாளர்கள் மன்னிக்கவில்லை. பெட்ரோகிராடின் மக்கள்தொகை 1917இல் 23 லட்சம் அளவில் இருந்தது. 1920இல் ஏழு லட்சம் சொச்சம். யாருடைய பெயரால் ஆட்சி நடந்ததோ அந்தத் தொழிலாளர் வர்க்கம் பிழைப்புக்காகக் கிராமத்துக்கே திரும்பிப் போய்விட்டது.

படை: பழைய அதிகாரி, பக்கத்தில் கமிசார்

போல்ஷெவிக் அரசின் செஞ்சேனை 1918 ஜனவரியில் தொண்டர் படையாகத் தொடங்கியது. மே இறுதியில் கட்டாய ஆள்சேர்ப்பு வந்தது. இப்போது போர்த் துறைக் கமிசாராக இருந்த ட்ராட்ஸ்கி ஜார் படையின் அதிகாரிகளை வேலைக்கு எடுத்தார். உள்நாட்டுப் போர் முடிவதற்குள் சுமார் 50 ஆயிரம் பேர் பணியாற்றினார்கள். தலைமைத் தளபதிகளாக இருந்த வாட்செட்டிஸ், செர்கேய் காமனேவ் இருவருமே முன்னாள் கர்னல்கள். ஒவ்வொரு தளபதிக்கும் பக்கத்தில் ஒரு கமிசார் (இங்கே கட்சியின் கண்காணிப்பாளர்). உத்தரவில் இருவர் கையெழுத்தும் இருந்தால்தான் செல்லும். போர்த் திட்டத்தில் கமிசார் தலையிடக் கூடாது. துரோகம் நடக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதிகாரி எதிரிப் பக்கம் போனால் குடும்பத்தைக் கைது செய்யும் உத்தரவும் இருந்தது.

இந்த இரட்டைக் கையெழுத்து முறை படையோடு நிற்கவில்லை. தொழிற்சாலை, ரயில்வே, அமைச்சகம் எல்லாவற்றிலும் நிபுணர் ஒருவர், அவரைக் கவனிக்கக் கட்சியாள் ஒருவர் என்று பரவியது. பலன், செலவு இரட்டிப்பு. பொறுப்போ யாருக்கும் முழுதாக இல்லை. படையின் எண்ணிக்கை 1920இல் 50 லட்சத்தைத் தொட்டாலும் முன்னணியில் நின்று போரிட்டவர்கள் அதில் சிறு பங்கு. அறுவடை வந்தால் ஆட்கள் வீட்டுக்கு ஓடினார்கள். துப்பாக்கியால் மட்டும் அதைத் தடுக்க முடியவில்லை. குறித்த நாளுக்குள் தானாகத் திரும்பினால் மன்னிப்பு என்று 1919இல் அறிவித்தபோது கூட்டம் கூட்டமாகத் திரும்பி வந்தார்கள். போல்ஷெவிக்குகளை எதிர்த்த வெள்ளைப்படை ஜெயித்தால் நிலப்பிரபு திரும்பி வருவான் என்ற அச்சமும் அவர்களைக் கொண்டுவந்தது.

சோவியத்துகள் காலியான கதை

ஆட்சி சோவியத்துகளின் பெயரில் நடந்தது. அரசியல் நிர்ணய சபைத் தேர்தலில் போல்ஷெவிக்குகளுக்குக் கிடைத்தது கால்பங்கு அளவு வாக்கு. சோஷலிசப் புரட்சியாளர்களுக்கு சுமார் 40 சதவீதம். சபை 1918 ஜனவரி 18ஆம் தேதி ஒரே ஒரு நாள் கூடியது. மறுநாள் கதவைப் பூட்டிவிட்டார்கள். அக்கட்சியிலிருந்து பிரிந்த இடதுசாரி சோஷலிசப் புரட்சியாளர்களோடு இருந்த கூட்டணி பிரெஸ்ட்-லிட்டோவ்ஸ்க் ஒப்பந்தத்தோடு முறிந்தது. அந்த வசந்த காலத்தில் பல ஊர்களின் சோவியத் தேர்தல்களில் மென்ஷெவிக்குகளும் (இன்னொரு சோஷலிசக் கட்சி) சோஷலிசப் புரட்சியாளர்களும் ஜெயித்தபோது அந்த சோவியத்துகள் கலைக்கப்பட்டன. ஜூன் 14ஆம் தேதி அவ்விரு கட்சிகளும் சோவியத்துகளின் மத்திய செயற்குழுவிலிருந்து வெளியேற்றப்பட்டன. ஜூலையில் வந்த அரசியல் சட்டம் நகரத்துக்கு 25,000 வாக்காளருக்கு ஒரு பிரதிநிதி, கிராமப்புறத்துக்கு 1,25,000 பேருக்கு ஒருவர் என்று வைத்தது.

எதிர்க்கட்சி போனபின் சோவியத்தில் விவாதிக்க ஒன்றுமில்லை. முழு அவை கூடுவது குறைந்தது, செயற்குழு முடிவெடுத்தது, செயற்குழுவின் முடிவை அதற்கு முன்பே கட்சிக் குழு எடுத்திருந்தது. தீய எண்ணத்தோடு யாரோ வரைந்த திட்டம் என்று இதைச் சுருக்கிவிட முடியாது. உள்ளூரில் நல்ல கட்சி ஊழியர்கள் போர்முனைக்குப் போய்விட, மிஞ்சிய நான்கு பேர் சோவியத்திலும் கட்சியிலும் உணவுக் குழுவிலும் அவர்களேயாக இருந்தார்கள். ஆனால் மக்கள் தம் பிரதிநிதியை மாற்றும் வழி அடைபட்ட பிறகு, உணவு வசூலில் நடந்த அநியாயத்தை மேலே சொல்லவும் வழியில்லாமல் போனது. வேலைநிறுத்தமும் கலகமும்தான் மிச்சமிருந்த தகவல் வழி.

அந்தத் தகவல் 1921இல் வந்தது. தம்பாவ் மாகாணத்தில் 1920 ஆகஸ்ட் முதல் விவசாயிகளின் கலகம். பிப்ரவரியில் பெட்ரோகிராடில் வேலைநிறுத்தங்கள். மார்ச்சில் பெட்ரோகிராடுக்கு அருகே கிரோன்ஸ்டாட் கடற்படைத் தளத்தில் மாலுமிகளின் கலகம். மாலுமிகளின் தீர்மானம் கேட்டவை: ரகசிய வாக்கெடுப்பில் சோவியத்துகளுக்கு மறுதேர்தல், தொழிலாளர்களுக்கும் விவசாயிகளுக்கும் பேச்சுரிமை, தடுப்புப் படைகளை நீக்குதல், சமமான ரேஷன், கூலியாள் வைக்காத விவசாயிக்குத் தன் நிலத்தில் சுதந்திரம். பனி உறைந்த கடல்மீது படை நடத்தி அதை அடக்கினார்கள். நடந்துகொண்டிருந்த பத்தாவது கட்சி மாநாட்டின் பிரதிநிதிகள் சுமார் 300 பேர் அந்தப் படையோடு போனார்கள்.

அதே மாநாடுதான் தானியப் பறிப்பை நிறுத்தி, பொருளாகச் செலுத்தும் வரியைக் கொண்டுவந்தது. வரி விதைப்புக்கு முன்பே அறிவிக்கப்படும், 42.3 கோடி பூட் என்றிருந்த இலக்கு 24 கோடியாகக் குறைக்கப்பட்டது. வரி போக மிஞ்சியதை விற்றுக்கொள்ளலாம். விற்க சந்தை வேண்டும், சந்தைக்கு நம்பகமான பணம் வேண்டும். நிதி கமிசார் சொக்கோல்னிகோவ் 1922 இறுதியில் செர்வோனெட்ஸ் என்ற நோட்டைக் கொண்டுவந்தார்: பழைய பத்துத் தங்க ரூபிளுக்குச் சமம், கால்பங்கு தங்கமும் உறுதியான வெளிநாட்டுப் பணமும் ஈடாக வைக்கப்பட்டது. 1924இல் பழைய ரூபிள்கள் 5,000 கோடிக்கு ஒரு புது ரூபிள் என்று மாற்றிக்கொள்ளப்பட்டன. கட்சி ஆட்சியில் செய்த ஆகச் சிறந்த நிர்வாக வேலை இது என்பது என் மதிப்பீடு. யாரையும் சுடாமல், மூன்றே ஆண்டில், செத்துக்கிடந்த சந்தை எழுந்தது.

பதவிப் பட்டியல்

பொருளாதாரத்தில் பிடி தளர்ந்த அதே மாநாட்டில் கட்சிக்குள் பிடி இறுகியது. கோஷ்டிகளுக்குத் தடை. தீர்மானத்தின் ஏழாவது அம்சம் வெளியிடப்படவில்லை: கோஷ்டி நடத்தும் மத்தியக் குழு உறுப்பினரையே மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் நீக்கலாம்.

இதற்கு முன்னால் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆரம்பத்தில் கட்சியின் ஆள் கணக்கெல்லாம் கட்சிச் செயலாளர் ஸ்வெர்த்லோவின் நினைவில் இருந்தது என்றே சொல்லலாம். எந்த ஊரில் யார், எதற்குப் பொருத்தம் என்று அவருக்குத் தெரியும். 1919 மார்ச்சில் அவர் இறந்தார். அதே மாதம் பொலிட்பீரோ (அரசியல் முடிவுகளை எடுக்கும் உயர்குழு), அமைப்புக் குழு, செயலகம் மூன்றும் முறைப்படி அமைந்தன. மத்தியக் குழு அலுவலகத்தில் அப்போது 30 ஊழியர்கள். 1920 மார்ச்சில் 150. 1921 மார்ச்சில் 602. உறுப்பினர் எண்ணிக்கை அதற்குள் ஏழு லட்சத்தைத் தாண்டியது. கட்சி அட்டை வேலைக்கும் ரேஷனுக்கும் வழியாகிவிட்டதை உணர்ந்து, 1921இல் நடத்திய களையெடுப்பில் ஏறக்குறைய நாலில் ஒருவர் நீக்கப்பட்டார்.

1922 மார்ச்சில் பதினோராவது மாநாட்டில் லெனின் ஒரு காரை உவமை காட்டினார்: ஓட்டுபவர் நினைக்கும் பக்கம் வண்டி போகவில்லை. மாஸ்கோவில் பொறுப்பான பதவிகளில் 4,700 கம்யூனிஸ்டுகள் இருக்கிறார்கள், பக்கத்தில் மலைபோல அதிகார வர்க்கம். யார் யாரை நடத்துகிறார்கள் என்று கேட்டார். அவர் கையிலெடுத்த மருந்து, இன்னும் நல்ல ஆட்களைக் கொண்ட கண்காணிப்பு அமைப்பு. என் பார்வையில் அது நோயைத் தொடவில்லை. தொழிலாளர் விவசாயிகள் ஆய்வுத்துறை 1920 முதலே இருந்தது. கண்காணிக்க ஆட்களை நியமித்ததும் அதே கட்சி அலுவலகம்தான்.

ஏப்ரல் 3ஆம் தேதி ஸ்டாலின் பொதுச் செயலாளரானார். பலரும் அதைச் சலிப்பான குமாஸ்தா வேலையாகவே பார்த்தார்கள். அடுத்த ஓராண்டில் பதிவு மற்றும் நியமனத் துறை பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நியமனங்களைச் செய்தது. 1923இல், மத்தியக் குழுவின் ஒப்புதலின்றி யாரையும் அமர்த்தக் கூடாத பதவிகளின் பட்டியல்கள் வரையப்பட்டன. மாகாணச் செயலாளரை மேலிடம் ‘பரிந்துரை’ செய்யும். அவர் மாநாட்டுக்குப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தை நடத்துவார். அந்தப் பிரதிநிதிகள் மத்தியக் குழுவைத் தேர்ந்தெடுப்பார்கள். மத்தியக் குழுவின் செயலகம் மாகாணச் செயலாளரைப் பரிந்துரை செய்யும்.

1923 இலையுதிர் காலத்தில் ட்ராட்ஸ்கியும் 46 மூத்த உறுப்பினர்களும் இதே நியமன முறையைக் கண்டித்து எழுதினார்கள். மாஸ்கோவின் கிளைகள் பலவற்றில் அவர்களுக்கு ஆதரவு பலமாக இருந்தது. ஆனால் கிளையிலிருந்து வட்டாரம், வட்டாரத்திலிருந்து மாகாணம் என்று ஒவ்வொரு படியிலும் அந்த ஆதரவு தேய்ந்தது. 1924 ஜனவரியில் பதின்மூன்றாவது கட்சி மாநாட்டு அமர்வு கூடியபோது, வாக்குரிமை பெற்ற 128 பிரதிநிதிகளில் மூன்று பேர்தான் எதிர்த்து வாக்களித்தார்கள். அந்த அமர்வில்தான் 1921இன் ஏழாவது அம்சத்தை வெளியிட முடிவானது.